தப்பும் கிற்றாரும்



மாசி மாதத்து இரவுகளில் மாத்தளையிலிருந்து எல்கடுவைக்கோ இறத்தோட்டைக்கோ மலைப்பாதையிற் செல்பவர்கள், பனிமூட்டத்துக்கு அப்பால் ஏதோ ஒரு தோட்டத்து லயத்திலிருந்து எழுந்து வரும் தப்பின் ஒலியைக் கேட்டிருப்பார்கள். அது காமன் கூத்துக்குரிய காலம். விளக்கொளி கண்ணுக்குப் புலப்படுவதற்கு முன்னரே அந்த ஒலி காதுக்கு எட்டிவிடும். அவ்வொலியைக் கேட்டு வளர்ந்தவன் நான். அதனை ஒரு காலத்தில் பாடசாலையின் வாயிலுக்கு வெளியே நிறுத்தி வைத்தவனும் நானேதான். மீண்டும் அதனை உள்ளே அழைக்கவேண்டும் என்னும் எண்ணத்தை என்னுள் உண்டாக்கியவற்றுள், சென்னை இளைஞர் குழுவொன்றின் முதல் இசைத்தொகுப்பும் ஒன்று. அந்தத் தொகுப்பைப் பற்றியும், அது மலைநாட்டில் வாழும் நமக்கு எழுப்பும் ஒரு கேள்வியைப் பற்றியும் இன்று சில கருத்துகளை உங்கள் முன் வைக்க விரும்புகின்றேன்.

றொக் இசை என்ற சொல்லைக் கேட்டவுடன் நம்மில் மூத்தோர் பலர் முகம் சுளிப்பது வழக்கம். அது ஆரவாரம் மிகுந்தது, அந்நியமானது, இளைஞரின் கருத்தைக் கலைப்பது என்றெல்லாம் கூறுவர். ஆயினும், அவ்விசையின் பிறப்பைச் சற்று ஆராய்ந்தால் நமக்கு வியப்பு உண்டாகும். அமெரிக்காவின் தென்மாநிலங்களிலே பருத்தி வயல்களில் உழைத்த கறுப்பின மக்களின் துயரப் பாடல்களும், அவர்களுடைய தேவாலயங்களில் எழுந்த துதிப் பாடல்களும், வறிய வெள்ளையின உழவரின் நாட்டுப்பாடல்களும் ஒன்றுகலந்த நிலத்திலேதான் அது முளைத்தது. தோட்டத் தொழிலாளரின் இசை என்று அதனைக் கூறினாலும் பெருந்தவறு ஆகாது. அவ்வாறாயின், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே வாழும் நாம் அதனை முற்றிலும் அந்நியம் என்று எவ்வாறு தள்ளிவிட முடியும்?

1960களின் பிற்பகுதியில் அவ்விசை தன் பிறப்பிடத்தை விட்டு நெடுந்தூரம் சென்றுவிட்டது. மின்கருவிகளின் பேரொலியும் ஒலிப்பதிவுக் கூடத்து விந்தைகளும் மேலோங்கின. அந்த வேளையில் கனடா நாட்டவர் நால்வரும் அமெரிக்கர் ஒருவரும் சேர்ந்த ‘தி பான்ட்’ என்னும் குழு, நியூயோர்க் மாநிலத்து நாட்டுப்புறத்தில் இளஞ்சிவப்பு வர்ணம் பூசிய ஒரு வீட்டில் தங்கிப் பாடல்களை உருவாக்கியது. அவ்வீட்டின் பெயரையே தாங்கி 1968 ஆம் ஆண்டு யூலை மாதத்தில் அவர்களுடைய முதல் இசைத்தட்டு வெளிவந்தது. பழைய தேவாலயத்து ஓசையும் கிராமத்துச் சந்தையின் ஓசையும் அதிலே மீண்டும் கேட்டன. புதிய கருவிகளைக் கையில் ஏந்திக்கொண்டே மூதாதையரின் இசைக்குத் திரும்பும் இம்முறைக்கு ‘வேரிசை’ என்று பொருள்படும் பெயரை ஆங்கிலத்தில் வழங்குகின்றனர்.

இம்முறை இன்றும் அழியவில்லை. 2012 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ‘அலபாமா சேக்ஸ்’ என்னும் குழுவின் முதல் தொகுப்பு வெளிவந்தது. அலபாமா மாநிலத்தின் வடபகுதியில் ஏதென்சு என்னும் சிற்றூரைச் சேர்ந்தவர்கள் அவர்கள். குழுவின் பாடகி பிரிட்டனி ஹவாட், வீடு வீடாகக் கடிதம் கொண்டுசெல்லும் தபாற்சேவகியாக வேலை செய்தவர். உயர்தரப் பாடசாலையின் உளவியல் வகுப்பிலே தம்மோடு படித்த மாணவர் ஒருவருடன் சேர்ந்து அவர் பாடல் புனையத் தொடங்கினார். ஓர் அதிபர் என்ற முறையில் இச்செய்தி எனக்கு மிகவும் பிடித்தமானது. நம் வகுப்பறையின் பின்வரிசையில் தாளம் போட்டுக்கொண்டிருக்கும் பிள்ளைகளைச் சற்றுப் பொறுமையோடு நோக்க அது கற்றுத் தருகின்றது. அவர்களுடைய தொகுப்பைக் கேட்டவர்கள், ஐம்பது ஆண்டுகளுக்கு முற்பட்ட ஓர் இசைத்தட்டைக் கேட்பது போன்ற உணர்ச்சியை அடைந்தனர்.

இங்கே ஓர் ஐயம் எழுவது இயல்பு. பழைய ஓசையை மீண்டும் எழுப்புவது வெறும் வேடந்தானே? பாட்டனாரின் மேற்சட்டையைப் பெட்டியிலிருந்து எடுத்து உடுத்திக்கொண்டு கண்ணாடி முன் நிற்பவன் பாட்டனாரை அறிந்தவன் ஆவானா? இந்த ஐயம் நியாயமானது. பழைய ஓசையை மாத்திரம் எடுத்துக்கொண்டு, அவ்வோசையைப் படைத்த மனிதரை மறந்துவிடும் இசை உலகில் ஏராளமாக உண்டு. ஆகவே, வேர்களைத் தேடிச் செல்லும் எந்த இசையையும் நாம் ஓர் உரைகல்லில் உரைத்துப் பார்க்கவேண்டும். இது பழைய ஓசையை மாத்திரம் மதிக்கின்றதா, அல்லது அவ்வோசைக்கு உரியவரையும் மதிக்கின்றதா என்பதே அவ்வுரைகல்.

தமிழுலகில் இவ்வுரைகல்லுக்குப் பொருந்தி வரும் குழு ஒன்றை இனி நோக்குவோம். கிற்றாரும் தமிழும் கூடுவது இலங்கை நேயர்களுக்குப் புதிதன்று. 1970களில் நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் பாடிய பொப் இசைப் பாடல்களை நம் வானொலி வீடுதோறும் கொண்டு சேர்த்தது. எனினும், அப்பாடல்களிலே கிற்றாரின் அருகில் தப்புக்கு இடம் கிடைக்கவில்லை. அந்த இடத்தை அளித்தவர்கள் சென்னை இளைஞர்கள்.

திரைப்பட இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும், இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து 2017 ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு குழுவை அமைத்தனர். ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ என்பது அதன் பெயர். சாதியற்றோர் கூட்டு என்பது அதன் பொருள். சாதி அற்ற தமிழர் என்னும் அயோத்திதாசப் பண்டிதரின் கருத்திலிருந்தே இப்பெயர் எடுக்கப்பட்டது. 1845 முதல் 1914 வரை வாழ்ந்த அப்பெரியார் நமக்கும் முற்றிலும் அயலவர் அல்லர். 1898 ஆம் ஆண்டில் ஒல்கொட் அவர்களுடன் இலங்கைக்கு வந்து, இம்மண்ணிலேதான் அவர் பௌத்த நெறியைத் தழுவினார்.

2018 ஆம் ஆண்டு சனவரி மாதம் 6 ஆம் நாள் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் இக்குழு முதன்முதலாக மேடையேறியது. பத்தொன்பது கலைஞர்கள் அதில் இடம்பெற்றனர். வடசென்னையின் கானாப் பாடகரும், பறை, சட்டி, கட்டமேளம் ஆகியவற்றை முழக்குவோரும், கிற்றார் வாசிப்போரும், ராப் எனப்படும் சொல்லிசையைப் பாடுவோரும் ஒரே வரிசையில் நின்றனர். அவர்கள் யாவரும் மேனாட்டு முறையில் கோட்டும் காற்சட்டையும் அணிந்திருந்தமை குறிப்பிடத்தக்கது. அம்பேத்கர் அவர்கள் பெரும்பாலும் அணிந்த உடையை நினைப்பூட்டுவதாக அது அமைந்தது. சாவு வீட்டின் வாசலிலே, சட்டையின்றி வியர்வையில் நனைந்து நின்று முழக்கியோரின் கருவி அன்று கோட்டு அணிந்தவரின் கையில் மேடையேறியது. இக்காட்சியின் பொருளை விளக்கிக்கூற வேறு உரை வேண்டியதில்லை.

கானா என்பது யாது என்பதை நம் நாட்டு நேயர்களுக்குச் சற்று விளக்குதல் நலம். வடசென்னையின் துறைமுகத்தை அண்டிய உழைப்பாளர் குடியிருப்புகளிலே, இறந்தோரின் வீட்டில் இரவு முழுவதும் விழித்திருந்து பாடப்படும் பாடல் மரபு அது. இறந்தவரின் பெருமை, வாழ்வின் நிலையாமை, காதல், கேலி, வறுமை ஆகிய யாவும் அதிற் கலந்து வரும். பெரும்பாலும் ஆடவரே பாடி வந்த அம்மரபில் பாடகி இசைவாணி துணிந்து கால்பதித்தார். 2020 ஆம் ஆண்டில் பி.பி.சி. நிறுவனம் வெளியிட்ட உலகின் நூறு பெண்கள் பட்டியலில் அவர் இடம்பெற்றார்.

இக்குழுவின் முதல் தொகுப்புக்கு ‘மகிழ்ச்சி’ என்று பெயர் சூட்டினர். இந்தப் பெயரே என்னை முதலில் ஈர்த்தது. இடஒதுக்கீட்டைப் பற்றியும், வடசென்னை மக்களின் வாழ்வைப் பற்றியும், உண்ணும் உணவிலே காட்டப்படும் வேற்றுமையைப் பற்றியும் பாடும் குழுவினர், தம் முதற்படைப்புக்குத் துயரம் என்றோ சினம் என்றோ பெயரிட்டிருக்கலாம். அவர்கள் மகிழ்ச்சி என்றே பெயரிட்டனர். ஒடுக்கப்பட்டோரின் கலை அழுகையாக மாத்திரமே இருக்கவேண்டும் என்று நாம் எதிர்பார்க்கின்றோம். மலைநாட்டு மக்களின் பாடல்கள் என்றால் ஒப்பாரியும் தாலாட்டுமே நம் நினைவுக்கு வருகின்றன. கேலியும் கொண்டாட்டமும் அவர்களுக்கு உரியவை அல்லவா? தாளம் எழும்பும்போது தன்னை மறந்து ஆடும் உரிமையும் உரிமைதானே?

தொகுப்பில் எனக்குக் குறையாகத் தோன்றுவனவும் உள. சில பாடல்களில் சொல்லவந்த கருத்து முன்னே ஓடிவிட, இராகம் அதன் பின்னே மூச்சுவாங்கி வருகின்றது. ஒலிப்பதிவுக் கூடத்தின் நான்கு சுவர்களுக்குள் பறையின் அதிர்வு சற்று அடங்கியே கேட்கின்றது. வெட்டவெளியில் நெஞ்சுக் கூட்டைத் தட்டி எழுப்பும் ஓசை அது. எந்த ஒலிவாங்கியும் அதனை முழுமையாகக் கொள்ள மாட்டாது போலும். ஆயினும், கிற்றார் தலைவனாகவும் பறை ஏவலாளாகவும் ஆகிவிடாமல், இரண்டும் ஒன்றுக்கொன்று விடைகூறி நடப்பதை இத்தொகுப்பிற் கேட்கின்றோம். நான் கூறிய உரைகல்லில் இதுவே பொன்.

இனி நம் தப்புக்கு வருவோம். தொல்காப்பியர் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களை வகுத்தபோது, தெய்வம், உணவு, விலங்கு, மரம் என்பவற்றோடு பறையையும் சேர்த்தே வைத்தார். குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை உரியது என்பர் உரையாசிரியர். மலையும் மலைசார்ந்த இடமும் குறிஞ்சி என்றால், நக்கிள்ஸ் மலைத்தொடரின் சரிவுகளிலே வாழும் நமக்கும் பறை கருப்பொருளே ஆகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்த நம் முன்னோர், மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே கால்நடையாக மாத்தளையை வந்தடைந்தனர். நோயாலும் பசியாலும் வழியிலே மாண்டோர் மிகப் பலர். பிழைத்து வந்தோரின் வாழ்வோடு தப்பும் தொடர்ந்தது. விடியற்காலையில் தொழிலாளரைத் துயிலெழுப்பிப் பெரட்டுக்களத்துக்கு அழைத்தது அதன் ஒலி. திருவிழாவை அறிவித்ததும் சாவை அறிவித்ததும் அதுவே. நம் மலைநாட்டு எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை அவர்கள், தேயிலைத் தோட்டத்தைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய கவிதையிலும் அம்முழக்கத்துக்கு இடமளித்தார். இவ்வளவு பணிகளுக்கும் உதவிய கருவியை நாம் மதித்தோமா? இல்லை. அதனை அடிப்பது ஒரு சாதியின் கடமை என்று விதித்தோம். அக்கடமையைச் செய்ததற்காகவே அவர்களைத் தாழ்வாகவும் நோக்கினோம்.

என் குற்றத்தையும் இங்கே கூறிவிடுகின்றேன். ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னர், இளம் ஆசிரியனாக இம்மாவட்டத்துப் பாடசாலை ஒன்றிற் பணியாற்றினேன். தமிழ்மொழித் தினப் போட்டிக்குக் குழுவிசை ஒன்றைப் பழக்கும் பொறுப்பு என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. ஒத்திகைக்கு வந்த மாணவன் ஒருவன், சாக்கிலே சுற்றிய ஒரு பொருளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தான். அது அவனுடைய தந்தையாரின் தப்பு. “சேர், இதையும் சேர்த்துக்கலாமா?” என்று மிகுந்த ஆவலோடு கேட்டான். நான் சினந்து பேசவில்லை. “அதெல்லாம் இங்கே சரிவராது தம்பி, வெளியில் வைத்துவிட்டு வந்து பாடு” என்றேன். அவன் வெளியே சென்றான். அன்று அவன் ஒத்திகைக்குத் திரும்பவில்லை. மறுநாள் வகுப்புக்கு வந்தான், படித்தான், தேர்விலும் தேறினான். ஆனால் அதன்பின் என் முன்னே ஒருபோதும் பாடியதில்லை. நாங்கள் அப்போட்டியில் இரண்டாம் இடம் பெற்றோம். அச்சான்றிதழ் இன்றும் என்னிடம் இருக்கின்றது.

அந்நிகழ்ச்சியை நான் மறந்தே விட்டேன் என்று சொல்வது பொய். நினையாமல் இருந்தேன் என்பதே உண்மை. சில ஆண்டுகளுக்கு முன்னர் என் மாணவி ஒருத்தி தன் கைத்தொலைபேசியிலே இச்சென்னைக் குழுவின் பாடலைக் காட்டி, “இதில் அடிப்பது நம்முடைய தப்புத்தானே, சேர்?” என்று வினவியபோது, சாக்கிலே சுற்றிய அந்தப் பொருள் என் கண்முன் வந்து நின்றது.

அக்குழுவிலே சொல்லிசை பாடிய அறிவு என்னும் இளைஞரைப் பற்றியும் அம்மாணவியே எனக்குக் கூறினாள். 2019 ஆம் ஆண்டில் ‘தெருக்குறள்’ என்னும் தொகுப்பை வெளியிட்ட அவர், 2021 ஆம் ஆண்டில் ‘எஞ்சாய் எஞ்சாமி’ பாடலாலே உலகப் புகழ் பெற்றார். அவருடைய பாட்டியார் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துப் பின்னர் தமிழ்நாட்டுக்குத் திரும்பியவர். 1964 ஆம் ஆண்டு அக்டோபர் 30 ஆம் நாள் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தது. அவ்வாறு கப்பலேறியவர்களோடு நம் பாடல்களும் கப்பலேறின. இன்று அவை கிற்றாரின் துணையோடு நம்மிடம் திரும்பி வருகின்றன. சென்னையில் பிறந்த இசை என்று நான் இதுவரை கூறியதில் ஒரு பங்கு நம் லயங்களிலே பிறந்தது.

இவ்வெண்ணம் என்னைத் தூண்டியதால், இப்பொழுது நான் அதிபராக உள்ள பாடசாலையிலே தப்புப் பயிற்சி ஒன்றைத் தொடங்க விரும்பினேன். அண்மையிலுள்ள தோட்டத்தில் பல்லாண்டு காலமாகத் தப்பு அடித்துவரும் முதியவர் ஒருவரிடம் சென்று, பிள்ளைகளுக்குக் கற்பிக்க வரவேண்டும் என்று கேட்டேன். அவர் மகிழ்ந்து உடன்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர், “கூப்பிட்ட வீட்டுக்கெல்லாம் போயே ஆகணும்கிற வேலை என்னோட முடியட்டுங்க ஐயா. என் பேரன் கையில இதைக் குடுக்காதீங்க” என்றார்.

அவர் கூறியதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. கலை, மரபு, வேர் என்றெல்லாம் நாம் பேசலாம். அந்த வேரின் மேல் ஏற்றப்பட்டிருந்த பாரத்தைச் சுமந்தவர் அவர். தமிழ்நாட்டிலும் ஒடுக்கப்பட்ட மக்களுள் பலர், சாவுக்குப் பறை அடிக்கமாட்டோம் என்று மறுத்ததை விடுதலையின் முதற்படியாகக் கொண்டனர் என்பதை நாம் மறத்தலாகாது. அவர்கள் மறுத்தது நியாயமே. ஆகவே, தப்பை மீட்போம் என்று புறப்படுவோர் முதலில் ஒன்றை உறுதிசெய்தல் வேண்டும். அடிக்கவேண்டும் என்ற கட்டாயம் எவருக்கும் இருக்கலாகாது. கற்கவேண்டும் என்ற உரிமை எல்லாருக்கும் இருத்தல் வேண்டும்.

நான் மீண்டும் அம்முதியவரிடம் சென்றேன். அவருடைய பேரனைச் சேர்ப்பதில்லை என்றும், பெயர் கொடுத்துவரும் எந்தக் குடும்பத்துப் பிள்ளைக்கும் அவர் கற்பிக்கலாம் என்றும், மற்றைய இசை ஆசிரியருக்கு அளிக்கப்படும் மதிப்போடும் ஊதியத்தோடும் அவரை அழைப்போம் என்றும் கூறினேன். “எல்லா வீட்டுப் பிள்ளைங்களும் தொடுவாங்களா?” என்று கேட்டார். அக்கேள்வியை நான் பெற்றோர் கூட்டத்தில் அவ்வாறே வைத்தேன். சிலர் எழுந்து போயினர். சிலர் தலைகவிழ்ந்திருந்தனர். பதினொரு பிள்ளைகளின் பெயர்கள் கிடைத்தன. அவர்களுள் நால்வர் பெண்பிள்ளைகள். என்னிடம் கைத்தொலைபேசியைக் காட்டிய மாணவியின் தங்கையும் அதில் ஒருத்தி.

இப்பொழுது வியாழக்கிழமை தோறும் பாடசாலை முடிந்த பின்னர், மண்டபத்தின் பின்புறத்தில் சிறு தீ மூட்டித் தப்பின் தோலைக் காய்ச்சுகின்றனர். வலக்கையில் குறுகிய அடிக்குச்சியும் இடக்கையில் நீண்ட மெல்லிய சிண்டுக்குச்சியும் பிடிக்கும் முறையை அம்முதியவர் கதிரையில் அமர்ந்தவாறே கற்பிக்கின்றார். இளம் ஆசிரியர் ஒருவர் கிற்றார் வாசிக்கக் கூடியவர். அவர் தயங்கித் தயங்கி ஒரு நாள் தாமும் வந்து சேர்ந்துகொண்டார். முதியவர் அக்கருவியைச் சிறிது நேரம் உற்றுநோக்கிவிட்டு, அதன் தாளத்தைச் சற்றுக் குறைத்து வாசிக்குமாறு பணித்தார். ஆசிரியரும் அவ்வாறே செய்தார்.

சென்னையிலே 2020 ஆம் ஆண்டு முதல், மார்கழி மாதத்து இசைவிழாக் காலத்தில், மக்களிசைக்கெனவும் ஒரு விழாவை நீலம் பண்பாட்டு மையத்தினர் நடத்தத் தொடங்கினர். அத்தகைய விழாக்கள் மாத்தளையிலும் அமையும் காலம் வரலாம். அதற்கு முன்னர் நாம் செய்யவேண்டிய பணி சிறியது. நம் வீட்டுப் பிள்ளை தப்பைத் தொட விரும்பினால் தடுக்காதிருப்போம். தொட விரும்பாத பிள்ளையைத் தொடுமாறு வற்புறுத்தாதிருப்போம்.

தந்தையாரின் தப்பைச் சாக்கிலே சுற்றிக் கொண்டுவந்த மாணவன் இன்று கொழும்பிலே பணியாற்றுகின்றான் என்று கேள்விப்பட்டேன். வானொலி கேட்கும் பழக்கம் அவனுக்கு உண்டோ என்பதை நான் அறியேன். கேட்டுக்கொண்டிருந்தால், அன்று வெளியே வைக்கச் சொன்ன கருவிக்குப் பாடசாலைக்குள் இப்பொழுது இடம் உண்டு என்பதையும், அந்த இடத்தை நான் மிகவும் காலந்தாழ்த்தியே அளித்தேன் என்பதையும் அவனுக்கு இதன் மூலம் தெரிவித்துக்கொள்கின்றேன்.